விண்வெளிக் கூடத்தைக் கலைக்காதீர்கள்: அறவாரிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

பினாங்கில் நம் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் விண்வெளிக் கூடத்தை வரும் ஜனவரியில் மூடிவிட்டு, அந்த இடத்தை நிச்சயதார்த்தம், பிறந்தநாள் போன்ற விசேஷங்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். காட்சிப்பொருள்கள் கிடங்குக்குப் போகும், காற்றடைத்து எழுப்பும் கோளரங்கக் கூடாரம் விற்கப்படும், பள்ளி விடுமுறைகளில் வெளி நிறுவனம் ஒன்றை அழைத்துப் பிள்ளைகளுக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டிவிடும் நிகழ்ச்சி நடத்தப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூடத்தை வடிவமைத்தவள் நான். சனி ஞாயிறுகளில் அங்கே வரும் பிள்ளைகளோடு நின்றவள். இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. செயலாளரிடம் நேரில் போய்ப் பேசினேன். "முடிவு எடுத்தாச்சுங்க டீச்சர், இனிமே மாத்த முடியாது" என்றார். ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவை இன்னொரு கூட்டத்தில் மாற்ற நம் சட்டவிதிகளிலேயே இடம் இருக்கிறது. பெற்றோர்களும் ஆசிரியர்களும் நன்கொடை தந்த குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. கோலாலம்பூரில் செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது சுமத்ராவிலும் போர்னியோவிலும் எரிந்துகொண்டிருந்த காடுகள் எங்கள் திரையில் வெப்பப் புள்ளிகளாகத் தெரிந்தன. எந்தத் திசையில் காற்று அடிக்கிறது, நாளை எந்த மாநிலத்தில் புகை தடிக்கும் என்று அதிகாரிகளுக்கு விளக்குவோம். அந்த நாள்களில் பட்டர்வொர்த்திலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். அப்பாவுக்கு இரைப்பு. "இந்தப் பொகை எங்கேருந்து வருதுன்னு ஒனக்குத் தெரியும்ல? அப்போ எங்களுக்கு ஏன் யாரும் வந்து சொல்லல?" என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த அம்மாவுக்குப் புரியும்படி ஒரு விளக்கம் எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை. அப்படி ஒன்றைச் செய்வது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

கடந்த ஆண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், விஞ்ஞானி என்றால் ஆராய்ச்சி செய்ய வேண்டும், கண்காட்சி வைப்பது வேறு ஆள்களின் வேலை என்றார். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து அன்று நான் பேசவில்லை. இன்று சொல்கிறேன். மலேசியாவின் முதல் வானியற்பியலாளர் டாக்டர் மஸ்லான் ஒத்மான். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவரான முதல் பெண் அவர்தான். நாடு அவரை நம்பிக் கொடுத்த முதல் பெரிய பொறுப்பு, தேசியக் கோளரங்கத்தை உருவாக்குவது. கோலாலம்பூர் ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்துக் குன்றின்மேல் நீல மாடத்தோடு அது 1994இல் திறந்தது. நம் முதல் நுண்செயற்கைக்கோளான தியுங்சாட், 50 கிலோ எடையோடு பைக்கானூரிலிருந்து ஏவப்பட்டது 2000 செப்டம்பர் 26 அன்று. தேசிய விண்வெளி நிறுவனம் 2002இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் டாக்டர் மஸ்லான்தான். ஐக்கிய நாடுகளின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கு இரண்டு முறை இயக்குநராக இருந்தார். மக்கள் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க ஓர் இடத்தை முதலில் கட்டினார்கள். செயற்கைக்கோள் பிறகு வந்தது. அந்த வரிசையில் ஒரு நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இனி நம் கூடத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அழைக்கவிருக்கும் நிறுவனத்தின் மாதிரி நிகழ்ச்சியை நானும் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அதில் வரும் வானம் நம் வானம் இல்லை. துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கிறது. பருவங்களை விளக்கப் பனி பெய்கிறது, இலை உதிர்கிறது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 5.4 பாகையில் இருக்கிறது. இங்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். கெடா பக்கத்து மங்கலில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் நாற்பது நிமிடத்துக்குள்தான் கூடிக் குறையும். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை, அன்றிரவு வீட்டு வாசலில் நின்று எதைத் தேடும்?

பிறைநிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்தான். பயிற்சிப் புத்தகத்தில் அவன் பிறைநிலாவைப் படகு மாதிரி, இரண்டு முனைகளும் மேல் நோக்கி இருக்க வரைந்திருந்தான். அதில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் பிறை ஒன்று வரைந்து காட்டப்பட்டிருந்தது. அவனோ, "நான் பார்த்தது இப்படித்தான் டீச்சர் இருந்துச்சு" என்று பிடிவாதமாக நின்றான். அவன் பார்த்தது சரி. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழாக இறங்கி மறைகிறது. மறைந்த சூரியன் நிலாவுக்கு அடியில் இருப்பதால் நிலாவின் அடிப்பக்கம் ஒளி பெறுகிறது. பிறை படகாய்ப் படுக்கிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். வடக்கே ஐரோப்பாவில் சூரியன் சரிந்து இறங்குவதால் அங்கே பிறை நிமிர்ந்து நிற்கும். பாடப்படங்களில் பல அங்கே வரைந்தவை.

கூடத்தின் இடது மூலையில் இருக்கும் கைப்பிடி வைத்த கருப்புப் பெட்டி இதற்காகச் செய்ததுதான். ஒரு விளக்கு, ஒரு வெள்ளைப் பந்து, சாயும் சட்டம். கைப்பிடியைச் சுற்றினால் ஊர் மாறும். 50 பாகையில் வைத்தால் பிறை நிற்கும். 5 பாகைக்குக் கொண்டுவந்தால் படுக்கும். அந்தப் பையன் அதை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தான், பேருந்து கிளம்பும்வரை. அடுத்த முறை அவனுடைய ஆசிரியையே தனியாக வந்தார். "எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கலங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெட்டி கடையில் கிடைக்காது. பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பிரித்துச் செய்தது.

கார் நிறுத்தும் இடத்தில் நட்டிருக்கும் இரும்புக் கம்பமும் அப்படித்தான். அதைப் பிடுங்கினால் இன்னும் இரண்டு கார் நிறுத்தலாம் என்று குழுவில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். ஏப்ரல் 3, செப்டம்பர் 9 வாக்கில் சூரியன் பினாங்கின் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அது நடப்பது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலைத் தாண்டி. ஏன் என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நம் கடிகாரம் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் 120ஆம் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். இதைச் சொன்னதும் கூட வந்த தாத்தா பாட்டிகள் "ஆமா, ஆமா" என்று அந்தக் காலத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கம்பத்தைச் சுற்றி வானியலும் நாட்டு வரலாறும் குடும்பக் கதையும் பேசப்படுகின்றன.

வீட்டுக்கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு ஏன் வானத்தைப் பார்த்து மல்லாந்து இருக்கிறது என்பதற்கும் ஒரு காட்சி வைத்திருக்கிறோம். அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது; நாமும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தட்டு 70 பாகைக்கும் மேல் நிமிர்ந்து பார்க்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கம்பியால் வளைத்த ராசாக்சாட்டின் பாதை. 2009 ஜூலை 14 அன்று குவாஜலீன் பவளத்தீவிலிருந்து ஃபால்கன் 1 ஏவுகலம் கொண்டுபோன நம் செயற்கைக்கோள் அது. துருவங்களைச் சுற்றாமல் நிலநடுக்கோட்டை ஒட்டி வெறும் 9 பாகைச் சாய்வில் சுற்றும்படி அனுப்பினார்கள். நம் தலைக்கு மேல் எப்போதும் மேகம். துருவப் பாதையில் போகும் செயற்கைக்கோள் நம்மைக் கடக்கும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் அந்தப் படம் வீண். அடுத்த வாய்ப்புக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றினால் ஒரே நாளில் பல முறை கடக்கும், ஏதாவது ஒரு தடவை மேகம் விலகியிருக்கும். வெள்ளையாய் மூடிக்கிடந்த படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்தவள் நான். அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் காரணம் ஒரு நிமிடத்தில் புரிகிறது.

இந்தப் பொருள்கள் எல்லாம் தானாகப் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் நம் விளக்குநர்கள். எல்லாருமே இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவத்தில் படிக்கும் முன்னாள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுத்துவந்த சிறு படித்தொகையை நிறுத்தியதிலிருந்துதான் கூடத்தைக் கைவிடும் இந்தப் போக்கு தொடங்கியது என்பதைக் குழு மறக்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கியபோது, உயர்நிலைப்பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து விளக்குநர்களாக வைத்தார். வருகிறவர்கள் அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்டார்கள். நம் கூடத்திலும் அதையே கண்டேன். என்னிடம் கேட்கத் தயங்கும் பிள்ளை "அக்கா, அக்கா" என்று அவர்கள் பின்னால் ஓடும்.

தரையில் ஒட்டியிருக்கும் பினாங்கின் செயற்கைக்கோள் படத்தை உங்களில் பலர் காலணியைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்திருப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளையோடு வந்தார். பத்து பெரிங்கிக் கடற்கரையில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகை விற்றவர். படத்தில் அந்தக் கடற்கரையின்மேல் வந்து நின்றவர் நகரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அங்கேதான் இருந்திருக்கிறார். ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. "இந்தப் பக்கம் ஏன் வந்துச்சு, அக்கரையில பிறை ஊர்ப் பக்கம் ஏன் அப்படி வரல?" என்று கேட்டார். நான்காம் படிவத்துப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தீவின் வடக்குக் கரையும் மேற்குக் கரையும் அந்தமான் கடலைப் பார்த்துத் திறந்திருப்பதைத் தரையில் விரலால் கோடிழுத்துக் காட்டினாள். சுமத்ராவின் முனை அலையை எப்படிப் பாதி மறித்தது என்று சொன்னாள். பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஒன்பதுக்குச் சற்று முன்; அலை இங்கே வந்தது மதியம் என்றாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "மணிக்கணக்கா நேரம் இருந்துச்சா? அப்போ யாரும் சொல்லலயேம்மா" என்றார்.

என் அம்மா கேட்ட அதே கேள்வி. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை என்பதை அந்தப் பெண் அவருக்கு விளக்கினாள். பிறகு வந்த கடல் மிதவைகளையும் எச்சரிக்கைச் சங்கையும் பற்றிச் சொன்னாள். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமலே போகிறது. இந்த இடைவெளியை மூட ஒரு நிரந்தரமான இடமும், அங்கே நின்று நம் மொழியில் பேச ஆளும் வேண்டும். விடுமுறைக்கு வந்து போகும் நிகழ்ச்சியால் இது ஆகாது. கண்ணாடி மாட்டிய முகத்தோடு யாரும் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது.

"எல்லாம் யூடியூப்பில் இருக்கிறதே" என்று சுற்றறிக்கை சொல்கிறது. கைப்பேசியில் வியாழன் பெரிதாக, வண்ணமாகத் தெரியும். மொட்டைமாடித் தொலைநோக்கியில் அது சிறு வட்டம், பக்கத்தில் நான்கு புள்ளிகள். ஆனாலும் தொலைநோக்கியில் பார்த்த பிள்ளைதான் அடுத்த நாளும் வந்து "அந்தப் புள்ளிங்க இடம் மாறிடுச்சு" என்று சொல்லும். ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தில் 2016 முதல் டெக் டோம் அறிவியல் மையம் இருப்பதையும் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். நல்ல இடம், நானே பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு மாநிலத்தில் அறிவியலுக்கு இரண்டு இடங்கள் இருப்பது மிகுதி என்று நம் சமூகமே சொல்லலாமா? கோயில் விஷயத்தில் நாம் அப்படிச் சொல்வதில்லை.

கூடாரத்தை விற்கும் முடிவுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. செபராங் பிறையிலும் கெடாவிலும் தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் நூறு பிள்ளைகள்கூட இல்லை. தீவுக்கு வரப் பேருந்துக்குக் கொடுக்க அந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் பணம் இருக்காது. அவர்கள் வர முடியாததால் கூடாரம் அவர்களிடம் போனது. ஒரு வேனில் அடங்கிவிடும். பள்ளி மண்டபத்தில் விரித்து விசிறியைப் போட்டால் கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கும். பிள்ளைகள் குனிந்து சுரங்கம் போன்ற வாசலில் நுழைவார்கள். விளக்கை அணைத்ததும் ஒரே கூச்சல்; நட்சத்திரங்கள் வந்ததும் அடங்கிவிடும். அன்றிரவு அவர்கள் பள்ளித் திடலில் என்ன தெரியுமோ அதையே காட்டுவோம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் திருவாதிரை நட்சத்திரம் முன்னிரவில் நம் உச்சிக்கு இரண்டு பாகை தள்ளிக் கடந்து போகும். நிமிர்ந்து பார்த்தால் போதும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு மேலே ஒளிரும் முழுநிலவு பூச நட்சத்திரங்களின் பக்கத்தில்தான் இருக்கிறது என்று காட்டினால், காவடி எடுத்த வீட்டுப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிடுவார்கள். மே மாதத்தில் தெற்கே திரிசங்கு என்னும் தென்சிலுவை எழும். ஒரு தலைமையாசிரியர் மறுநாள் அழைத்துச் சொன்னார்: இரவு எட்டு மணிக்குத் தோட்டத்து வீடுகளிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் திடலுக்கு வந்து, பிள்ளைகள் கையை நீட்டி நீட்டிப் பெயர் சொன்னார்களாம். ஜார்ஜ்டவுனில் விளக்கு வெளிச்சத்தில் இழந்துவிட்ட இருட்டு அந்தத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே போகும் ஒரே வண்டியையா விற்பது?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரூட்டிக்கும் மின்தூக்கிக்கும் செலவாகிறது என்பது உண்மை. வருகையாளர் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை அல்ல. உங்கள் கணக்கில் நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு நுழைவு இலவசம் என்று இதே குழு தீர்மானம் போட்டது. அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட உங்கள் எண்ணிக்கையில் இல்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்தவர்களும் இல்லை. வருகைப் பதிவேடுகள் கீழ்மாடி அலுவலக அலமாரியில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: கூடத்தின் வாசலில் நன்கொடையாளர் பெயர்கள் பொறித்த பலகை இருக்கிறது. காலமான தாய் தந்தையின் பெயரில், பிள்ளைகள் அறிவியல் படிக்கட்டும் என்று வெள்ளி வெள்ளியாய்க் கொடுத்தவர்கள் அவர்கள். லாரி ஓட்டியவர்கள், முறுக்கு சுட்டு விற்றவர்கள், ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஆசிரியர்கள். விருந்து மண்டபத்துக்கு என்று கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்? அவர்களைக் கேட்காமல் அந்தப் பணத்தின் நோக்கத்தை மாற்ற இந்தக் குழுவுக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கிடங்கு என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தையும் போய்ப் பார்த்தேன். காற்றோட்டம் இல்லை, மழைக்கு ஒரு பக்கச் சுவர் ஈரம் கசிகிறது. இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடி வில்லைகளில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டுப்பலகையைக் கரையான் தின்னும். ஒரு மழைக்காலம் அங்கே கிடந்தால் பிறகு எடுத்துப் பயன்படுத்த எதுவும் மிஞ்சாது.

கடைசியாக, முன்னால் இருக்கும் ஒரு தேதியைப் பற்றி. 2019 டிசம்பர் 26 அன்று கங்கணச் சூரிய கிரகணம் வந்தது. திருச்சி, கரூர், ஈரோட்டில் சூரியன் வளையமாகத் தெரிந்த அதே நாளில் சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்முனையிலும் வளையம் தெரிந்தது. பினாங்கில் பகுதி கிரகணம். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை உள்ளே வைத்திருந்த வீடுகள் அன்று நிறைய. ஆனால் நம் மொட்டைமாடிக்கு வந்தவர்கள் இடியாப்ப உரலின் துளைத் தட்டைச் சூரியனுக்குக் காட்டி, தரையில் விழுந்த ஒவ்வொரு ஒளிப்புள்ளியிலும் ஒரு குட்டிப் பிறைச் சூரியனைப் பார்த்தார்கள். வெறும் கண்ணால் ஏன் பார்க்கக் கூடாது, நிழலில் எப்படிப் பார்க்கலாம், சமைத்த சோற்றுக்கு ஏன் ஒன்றும் ஆகாது என்று விளக்குநர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கிரகண நேரத்தில் வெளியே வந்து நின்றார். 2031 மே 21 அன்று மறுபடியும் ஒரு கங்கண கிரகணம் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் மலேசியாவையும் தொட்டுக்கொண்டு போகப்போகிறது. அன்று நம் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள், அவர்கள் கையில் பாதுகாப்பான வடிகட்டி இருக்குமா, பக்கத்தில் நின்று விளக்க ஆள் இருக்குமா என்பதை இப்போதைய இந்தக் குழு எடுக்கும் முடிவு தீர்மானிக்கும். விளக்குநர்கள் உருவாகப் பல ஆண்டு ஆகும்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். நன்கொடையாளர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், விளக்குநர்கள் எல்லாரையும் அழைத்து ஒரு பொதுக் கூட்டம் நடத்துங்கள். அந்தக் கூட்டம் முடியும்வரை கூடத்திலிருந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம், கார் நிறுத்துமிடத்துக் கம்பத்தையும் தொட வேண்டாம். பள்ளி வருகைகளையும் கூடாரப் பயணங்களையும் சேர்த்து முழுக் கணக்கை, கூடத்தின் வரவு செலவோடு வெளியிடுங்கள்.

கூடாரத்தை விற்பதற்கான பேச்சைக் கைவிட்டு, அதற்குப் பொறுப்பாக இரண்டு பள்ளி ஆசிரியர்களையும் ஓர் ஓட்டுநரையும் அமர்த்துங்கள். விளக்குநர்களின் படித்தொகையைத் திரும்பக் கொடுங்கள். முதல் ஆண்டுக்கு அதைத் திரட்டித் தர முன்னாள் விளக்குநர்கள் பலர் முன்வந்திருக்கிறார்கள், பெயர்ப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. மண்டப வாடகை கண்டிப்பாகத் தேவை என்றால் மூன்றாம் மாடியில் காலியாகக் கிடக்கும் பழைய வகுப்பறைகளைப் பாருங்கள்; அதற்கான தரைப்படத்தை இந்த மடலோடு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். 2031 கிரகணத்துக்கென ஒரு செயற்குழுவை இந்த ஆண்டே அமையுங்கள். அதில் சம்பளமில்லாமல் வேலை செய்ய நான் தயார்.

இம்மாத இறுதிக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். "மாற்ற முடியாது" என்பதுதான் பதில் என்றால் அதற்கான காரணங்களையும், முடிவு எடுத்த கூட்டத்தின் குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள். நன்கொடையாளர்களுக்கு அவற்றை நானே கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
விண்வெளிக் கூடத்தின் வடிவமைப்பாளர், அறவாரியத்தின் வாழ்நாள் உறுப்பினர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு